மூன்றாவது வாளி

"வெளியில இருக்கறது வெளியிலயே நிக்கட்டும்..."

வயதான டாக்டர் ஒருவர் செங்கோடனிடம் முன்பு சொன்னது இது. அவர் அதோடு நிறுத்தவில்லை. மேற்கொண்டும் ஏதோ சொன்னார். அந்த மீதி செங்கோடனுக்கு ஞாபகத்தில் இல்லை.

ஞாபகத்தில் இருந்த பாதியோடுதான் அவர் வேலாத்தாளிடம் வந்தார். டாக்டர் சொன்னதை அவளிடம் சொல்லிவிட்டுக் கேட்டார்.

"வெளி அழுக்கு உள்ள வராம இருக்கறதுக்கு என்ன வழிங்கம்மா?"

வேலாத்தாள் ஒரு பெரியவரின் முதுகுப் புண்ணுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"மனசுக்கா, வூட்டுக்கா?"

"ரெண்டுக்குந்தானுங்க."

"எனக்கு வூடு மட்டுந்தான் தெரியும். அந்தக் கத்திரிக்கோலை எடுங்ணா."

எடுக்கக் கை நீட்டினார்.

"கை கழுவுனீங்களா?"

"மூணு தடவைங்க."

அப்போதுதான் அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

*

வேலாத்தாளுக்கு நாற்பத்திரண்டு வயது. ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து, வேலையை விட்டுவிட்டு வந்தவள். மலையடிவாரத்தில் ஓடு போட்ட நீள வீடு ஒன்றில் பதினோரு கட்டில் போட்டிருந்தாள். பதினோரு கட்டிலிலும் எழுந்து நடக்க முடியாதவர்கள்.

சுற்றுவட்டாரத்தில் அதை மடம் என்றார்கள். அவள் காவி கட்டியதில்லை. யாருக்கும் உபதேசம் செய்ததில்லை. இருந்தும் உபதேசம் கேட்டு ஆட்கள் வந்தார்கள். வந்தவர்கள் கையில் அவள் துடைப்பத்தைக் கொடுத்தாள். பாதிப் பேர் மறுநாளே போய்விட்டார்கள்.

செங்கோடனுக்கு ஐம்பத்தேழு. மோட்டாருக்குக் கம்பிச் சுருள் கட்டும் பட்டறை வைத்திருந்தவர். மனைவி மரகதம் இறந்து நான்கு வருடம் ஆகியிருந்தது.

அவள் அவரை அண்ணா என்றாள். அவர் அவளை அம்மா என்றார். இருவருக்கும் அதில் சங்கடம் இருக்கவில்லை.

"உங்களுக்கு வாசல் வேலை," என்றாள். "உள்ள கிடக்கறவங்களுக்குச் சின்னச் சளி புடிச்சாலும் தாங்காது. வர்றவங்க செருப்பைக் கழட்டோணும். கையும் காலும் சோப்புப் போட்டுக் கழுவோணும். அவ்வளவுதான்."

அந்த அவ்வளவு செங்கோடனுக்குப் போதவில்லை.

பத்தே நாளில் வாசலில் மூன்று வாளிகள் வந்து உட்கார்ந்தன. முதல் வாளியில் வெறும் தண்ணீர். இரண்டாவதில் சோப்புத் தண்ணீர். மூன்றாவதில் மருந்துத் தண்ணீர். அதன் வாடை பஸ் நிற்கிற இடம் வரைக்கும் போயிற்று.

பிறகு செருப்புகளுக்குத் தனிக் கொட்டகை போட்டார். பைகளை வெயிலில் வைக்க ஒரு பலகை போட்டார். நகம் பார்த்தார். மேலே போட்டுக்கொள்ள ஆளுக்கொரு துவைத்த துணி கொடுத்தார். எல்லாவற்றுக்கும் முன்னால் தரையில் சுண்ணாம்பால் ஒரு கோடு கிழித்தார்.

கோட்டுக்கு அந்தப் பக்கம் யார் வந்தாலும் அவருக்கு ஒரே வார்த்தைதான்.

"நில்லுங்க."

வாசலை ஒட்டிய ஜன்னலோரக் கட்டில் ராமாயியுடையது. எண்பதைத் தாண்டியவள். இடுப்பு எலும்பு உடைந்து படுத்தவள். நாக்கு மட்டும் எழுந்து நடமாடிக்கொண்டிருந்தது.

"ஏப்பா செங்கோடா, எமன் வந்தாக்கூடக் காலைக் கழுவச் சொல்லுவியாட்ட இருக்குதே?"

"சொல்லுவேன் ஆத்தா."

"அப்பிடியே அவன் எருமையையும் நிறுத்திப் போடு. நாலு காலு. நீ கழுவி முடிக்கறதுக்குள்ள நானு இன்னும் ஒரு வாரம் இருந்துக்கறேன்."

உள்ளே பத்துக் கட்டிலும் சிரித்தன. செங்கோடன் சிரிக்கவில்லை. அவர் வாளியில் மிதந்த ஒரு வேப்பம்பூவை எடுத்துக்கொண்டிருந்தார்.

இரண்டு மாதம் போயிற்று. உள்ளே ஒருவருக்கும் இருமல் இல்லை. வயிற்றால் போகவில்லை.

"நல்ல வேலைங்ணா," என்றாள் வேலாத்தாள்.

அவள் யாரையும் அப்படிச் சொல்லி அவர் கேட்டதில்லை.

முன்பெல்லாம் ஒரு நாளைக்குப் பத்துப் பதினைந்து பேர் பார்க்க வருவார்கள். இப்போது இரண்டு பேர், மூன்று பேர். செங்கோடன் அதையும் நல்லதாகவே எடுத்துக்கொண்டார்.

*

காளியப்பன் ராமாயியின் ஒரே மகன். கோழி லாரியில் கூண்டு ஏற்றி இறக்குகிறவன். வியாழக்கிழமைதான் அவனுக்கு அரை நாள் ஓய்வு. வியாழக்கிழமை தவறாமல் வருவான்.

"நில்லுங்க," என்றார் செங்கோடன்.

"நின்னுட்டுத்தானுங்க இருக்கறேன்."

"தலையில இறகு."

எடுத்தான்.

"காதுக்குப் பின்னால."

அதையும் எடுத்தான். மூன்று வாளியிலும் கழுவினான். கொடுத்த துணியைப் போர்த்திக்கொண்டான். செங்கோடன் அவன் பக்கத்தில் போய் மூச்சை இழுத்துப் பார்த்தார்.

"முதல்ல இருந்து கழுவுங்க."

மறுபடி கழுவினான்.

"வாடை போகலியே."

"அது இந்தச் சென்மத்துல போகாதுங்க. எம்பொண்டாட்டியே வுட்டுக் குடுத்துட்டா."

"குளிச்சிட்டு வந்திருக்கோணும்."

"குளிச்சிட்டுத்தானுங்க வந்தேன்."

"அடுத்த வியாழக்கிழமை பாக்கலாம்."

காளியப்பன் ஜன்னலைப் பார்த்தான். ஜன்னல் பத்தடி தூரத்தில் இருந்தது.

"ஒரே நிமிசமுங்க. மொகத்தைக் காட்டிட்டு வந்தர்றேன்."

"உள்ள பதினோரு உசிரு இருக்குதப்பா."

அதற்கு மேல் அவன் கேட்கவில்லை. ஈரக்காலை மண்ணிலேயே வைத்து நடந்து போய்ச் செருப்பைப் போட்டான். ஒரு காகிதப் பொட்டலத்தைக் கோட்டுக்கு இந்தப் பக்கம் வைத்தான்.

"தேங்காய் பன்னுங்க. ஆத்தாளுக்குப் பல்லில்ல, இது ஒண்ணுதான் முழுங்கும். குடுத்துருங்க."

உள்ளே இருந்து ராமாயி கூப்பிட்டாள்.

"ஆரு செங்கோடா வந்திருக்கறது?"

"லோடு எறக்கறவங்க ஆத்தா."

பொய் இல்லை என்று செங்கோடன் நினைத்துக்கொண்டார்.

பன்னைப் பலகையில் இரண்டு மணி நேரம் வெயிலில் வைத்தார். போய்ப் பார்த்தபோது எறும்பு மொய்த்திருந்தது. தூக்கிப் போட்டார்.

*

அடுத்த வியாழக்கிழமை காளியப்பன் வரவில்லை.

அதற்கடுத்த வியாழனும் வரவில்லை.

ராமாயி ஜன்னல் பக்கமாகவே திரும்பிப் படுத்திருந்தாள். எமனைப் பற்றிப் பேசவில்லை. கஞ்சியை வாயிலேயே வைத்திருந்து துப்பினாள்.

"லாரி ஓட்டம் சாஸ்தியாட்ட இருக்குது," என்றாள். யாரும் அவளைக் கேட்கவில்லை.

சாயங்காலம் வேலாத்தாள் வாசலுக்கு வந்தாள்.

"ராமாயக்கா மகன் வரலீங்களாண்ணா?"

"வந்தானுங்க. சுத்தமில்ல."

அவள் மூன்று வாளிகளையும் பார்த்தாள். தரையில் உட்கார்ந்தாள்.

"இதெல்லாம் ஆருக்காகக் கத்துக்கிட்டீங்க?"

செங்கோடன் வாளியின் விளிம்பைத் துடைத்தார்.

"மரகதத்துக்காகங்க. ரத்தத்துல புத்துநோய். குடுத்த மருந்துல ஒடம்புல எதுப்பு சக்தியே இல்லாமப் போயிருச்சு. வெளிக் கிருமி ஒண்ணு உள்ள வந்தாப் போதும்னாங்க. வூட்டு வாசல்ல இதே மூணு வாளி வெச்சுத் தொண்ணூறு நாளு பாத்தனுங்க. ஒண்ணுகூட வரலீங்க."

"அப்புறம்?"

"அவ போயிட்டா."

"கிருமியிலயா?"

"இல்லீங்க. நோய்லதான். வூட்டுமேல ஒரு குத்தமும் இல்லீன்னு டாக்டரே சொன்னாரு."

"அந்தத் தொண்ணூறு நாள்ல அவங்களை ஆரெல்லாம் வந்து பாத்தாங்க?"

செங்கோடன் எழுந்தார்.

"தண்ணி மாத்தோணுங்க," என்றார். வாளியைத் தூக்கிக்கொண்டு குழாயடிக்குப் போனார்.

அந்தத் தண்ணீரை அவர் கால் மணி நேரத்துக்கு முன்புதான் மாற்றியிருந்தார்.

*

மறுநாள் காலையில் வேலாத்தாளைக் காணோம். கட்டில்களைச் சமையல்காரப் பெண்ணிடம் ஒப்படைத்துவிட்டு எங்கேயோ போயிருந்தாள்.

உச்சி வெயிலில் ஒரு கோழி லாரி வந்து நின்றது. முன்பக்கமிருந்து காளியப்பன் குதித்தான். அவனுக்குப் பின்னால் வேலாத்தாள் இறங்கினாள். கூண்டு இறக்கிக் கொடுத்திருக்கிறாள். தலையில் இறகு. சேலைக் கரையில் எச்சம். முழங்கை வரைக்கும் தவிட்டுத் தூசி.

இருவரும் சுண்ணாம்புக் கோட்டுக்கு முன்னால் வந்து நின்றார்கள்.

"அம்மா, நீங்களுமா?" என்றார் செங்கோடன்.

"நானும் வெளியில இருந்துதான வர்றேன்."

அவர் தண்ணீர் மொண்டு கொடுத்தார். அவள் செருப்பைக் கழற்றினாள். இறகை ஒவ்வொன்றாக எடுத்தாள். முதல் வாளி. இரண்டாவது வாளி. விரலிடுக்கு, நகக்கண், குதிகால் வெடிப்பு, ஒன்றையும் விடவில்லை. மூன்றாவது வாளி. காளியப்பன் அவளைப் பார்த்துப் பார்த்து அப்படியே செய்தான். கொடுத்த துணிகளைப் போர்த்திக்கொண்டார்கள்.

செங்கோடன் சுற்றி வந்து பார்த்தார். குறை சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை. வழியை விட்டு ஒதுங்கி நின்றார்.

வேலாத்தாள் நகரவில்லை.

"சுத்தமாயிருச்சுங்கம்மா."

"ஆமாங்ணா."

"போலாமுங்க."

"போலாந்தான்."

அவள் நின்ற இடத்திலேயே நின்றாள். காளியப்பன் கழுவிய காலை மண்ணில் முழுதாக வைக்கத் தயங்கி, விரல் நுனியில் நின்றான்.

"அம்மா, தரை சுடுதுங்க," என்றான்.

"நம்மள இன்னும் ஆரும் கூப்பிடலியேப்பா."

செங்கோடனுக்குப் புரியவில்லை. வாயைத் திறந்தார். அந்த வாயில் பழகிய வார்த்தை நில்லுங்க ஒன்றுதான். மூடிக்கொண்டார்.

அப்போது ஜன்னலிலிருந்து குரல் வந்தது. மூன்று வாரக் கஞ்சித் தண்ணீரில் இளைத்துப் போன குரல்.

"செங்கோடா, ஆரு அது? ஆரு வந்திருக்கறது?"

செங்கோடன் கையிலிருந்த மொள்ளுகிற குவளை கீழே விழுந்தது. அது உருண்டு போய்க் கோட்டின் மேல் நின்றது.

ராமாயி மறுபடி கேட்டாள்.

"ஆருன்னு சொல்லு சாமி."

"உங்க பையன் ஆத்தா," என்றார் செங்கோடன். "காளியப்பன் வந்திருக்கறான்."

பிறகு இந்தப் பக்கம் திரும்பினார். சொல்ல நேரமாயிற்று.

"வாங்க."

காளியப்பன் ஓடினான்.

*

உள்ளே ராமாயி மகனைத் திட்டுகிற சத்தம் கேட்டது. மூன்று வாரத்துக்கும் சேர்த்துத் திட்டினாள். இடையில் பன் எங்கேடா என்றாள்.

வேலாத்தாள் உள்ளே போகவில்லை. குவளையை எடுத்து வாளியின் விளிம்பில் மாட்டிவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள்.

"வந்தாருங்க," என்றார் செங்கோடன்.

"ஆரு?"

"மரகதத்தோட அண்ணன். சென்னியப்பன். எம்மச்சான். தொண்ணூறு நாள்ல மூணு தடவை வந்தாரு. மொபெட்டுல, இருவது மைலு. ஒவ்வொரு தடவையும் தோட்டத்து எளநி ஆறு கட்டிட்டு வருவாரு. கேட்டுக்கு வெளியவே நிறுத்திட்டனுங்க. மொதத் தடவை மருந்து ஓடுதுன்னேன். ரெண்டாந்தடவை அவ தூங்கறான்னேன்."

"மூணாந்தடவை?"

"உங்களைப் பாக்க அவளுக்கே இஷ்டமில்லீன்னேன். அதுக்கப்பறம் அவரு வரலீங்க. எளநி பதினெட்டும் காம்பவுண்டுச் செவுத்தோரமாக் காஞ்சு கிடந்துச்சு."

வேலாத்தாள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"வண்டிச் சத்தம் அவளுக்குத் தெரியுமுங்க. ஆருங்க வந்திருக்கறதுன்னு கேப்பா. பால்காரன்னு சொன்னேன். மூணாந்தடவையும் பால்காரன்னுதான் சொன்னேன். மத்தியானம் மூணு மணிக்கு ஆருங்க பால் ஊத்தறதுன்னு கேட்டா. நான் ஒண்ணும் சொல்லல. அவளும் அப்பறம் கேக்கல. எதையுமே கேக்கலீங்க."

லாரிக்காரன் தெருவில் ஹாரன் அடித்தான். காளியப்பன் உள்ளே இருந்து, இரப்பா வர்றேன் என்று கத்தினான்.

"எழவுக்கு வந்தாரு," என்றார் செங்கோடன். "பொறந்த வூட்டுக் கோடித் துணி கொண்டு வந்தாரு. அரக்குச் சேலை. கை நீட்டி வாங்கிட்டனுங்க. வாங்கி..."

நிறுத்தினார்.

"வாங்கி?"

"மூணாவது வாளியில முக்கிட்டனுங்க."

வேலாத்தாள் அவரைப் பார்க்கவில்லை. வாளியைத்தான் பார்த்தாள்.

"வெளியில இருந்து வந்த துணி. கை தானாப் போயிருச்சுங்க. பொணமாக் கெடக்கறா, அவளுக்கு இனி எந்தக் கிருமி வந்து என்ன பண்ணப் போகுது? முக்கிப் புழிஞ்சு ஈரத்தோட போத்துனேன். சாயம் போயி அவ கையெல்லாம் செவப்பா ஒட்டிக்கிச்சு. மச்சான் கேட்டுக்கு அந்தப் பக்கம் நின்னு பாத்துக்கிட்டு இருந்தாரு. சனமெல்லாம் உள்ள வருது, போவுது. அவரு செருப்பைக்கூடக் கழட்டலீங்க. கழட்டச் சொல்லி ஆரும் கூப்பிடல."

"இப்பவும் தங்கச்சிதான் வேண்டாம்னு சொல்லிட்டான்னு நெனைச்சுக்கிட்டு இருக்கறாரா?"

"ஆமாங்க. நாலு வருசமா."

குழாயடியில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"அந்த டாக்டரு," என்றாள் வேலாத்தாள். "வெளியில இருக்கறது வெளியிலயே நிக்கட்டும்னாரே. மீதி என்ன சொன்னாருங்ணா?"

"அந்தப் பாதியைக் கேட்டதுமே நான் எந்திரிச்சுட்டனுங்கம்மா. வாளி வாங்கக் கடைக்குப் போகோணும்னு."

"அதுக்கப்பறம் அவரு பேசலியா?"

"பேசுனாருங்க. நான் கதவைத் திறக்கறேன், முதுகுக்குப் பின்னால பேசறாரு. கையைக் கழுவிக்கிட்டே பேசறாரு."

செங்கோடன் குழாயைப் பார்த்தார்.

சொட்டு விழுந்தது. இன்னொரு சொட்டு விழுந்தது.

"சொந்தபந்தமெல்லாம் கைகாலைக் கழுவிட்டு உள்ள வந்து பாத்துட்டுப் போகட்டும்," என்றார். "அதுதானுங்க சொன்னாரு."

வேலாத்தாள் எழுந்தாள். சேலைக் கரையை உதறினாள். ராமாயிக்குக் கஞ்சி கொடுக்க நேரமாகியிருந்தது. உள்ளே போனாள்.

செங்கோடன் மூன்று வாளிகளிலும் இருந்த தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீர் நிரப்பினார்.

மறுநாள் முதல் பஸ்ஸில் சென்னியப்பன் வீட்டுக்குப் போவது என்று முடிவு செய்தார். பால்காரன் என்று மரகதத்திடம் சொன்னதையும், இஷ்டமில்லை என்று அவரிடம் சொன்னதையும் கேட்டுக்கு வெளியே நின்றே சொல்லிவிடுவது. வாங்க என்று அவர் கூப்பிட்டால் கால் கழுவிக்கொண்டு உள்ளே போவது. கூப்பிடாவிட்டால் நிற்பது.